தர்ஷினிக்காக இறக்கிய முடி

9.3 திங்கள்

பங்குனி பிறக்கவில்லை, அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஸ்கார்ப் மூன்றும் துவைத்தாயிற்று. நீலத்தில் சாயம் போகிறது. கேஸ் புக் பண்ணணும். மாவு தீர்ந்துவிட்டது.

மத்தியானம் கம்பெனியில் கை கழுவும்போது ஸ்கார்ப் நழுவிவிட்டது. நல்லவேளை, பக்கத்துக் குழாயில் மகேசு மட்டும். பதினோரு வருஷமாக அவள் நைட்டி தைக்கிறாள், நான் பிசிறு வெட்டிச் செக்கிங் பண்ணுகிறேன். உற்றுப் பார்த்தாள். "ஏட்டி செல்வி, மூணாவது மொட்டை போட்டு நாலு மாசம் ஆச்சே. ஒரு பொட்டு கூட மொளைக்கலையே?"

"உடம்புச் சூடு" என்றேன். வாயைத் திறந்தாலே பொய்.

இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எனக்குப் புழுவெட்டு. முதலில் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு அளவு. பிறகு உச்சியில். சின்ன வெங்காயம், எலுமிச்சை விதையும் மிளகும் அரைத்து, டாக்டர் ஆயின்மென்ட், மண்டையிலேயே ஊசி. எதற்கும் கேட்கவில்லை. போன ஆடியில் இவருடைய டிரிம்மரை எடுத்து நானே மொத்தத்தையும் மழித்துவிட்டேன். அதே வாரம் மகேசு மகள் தர்ஷினி, காய்ச்சல் முற்றி, மதுரை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். மகேசு அங்கே. மொட்டைத் தலையோடு வேலைக்குப் போன என்னிடம் பேச்சியக்கா, "யாருக்குட்டி வேண்டுதல்?" என்று கேட்டாள். புழுவெட்டு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். "தர்ஷினிக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

பிள்ளை பிழைத்தது. மகேசு வந்து எல்லார் முன்னாலும் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது மட்டுமா? முடி ஏன் வளரவில்லை என்று கேட்டவர்களுக்கு, "மூணு மொட்டைன்னு வேண்டியிருக்கேன்" என்று அடுத்தது. கார்த்திகையோடு மூன்றும் முடிந்தது என்று அதற்கும் அடுத்தது.

புருவமும் உதிர்கிறது. பென்சில் வாங்கணும்.

10.3 செவ்வாய்

காலையில் கரண்ட் இல்லை. மெஷின் எல்லாம் சும்மா. மகேசு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் டேபிளுக்கு வந்தாள்.

"நேத்துப் பூரா யோசிச்சேன்ட்டி. பெத்தவ நான் இருக்க, நீ கொடுத்தா ஆத்தா எப்படி ஏத்துக்கிருவா? அதான் ஒனக்கு வளரவிட மாட்டேங்கா. காலையில குளிச்சிட்டு மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சிட்டேன். வெள்ளிக்கிழமை இருக்கன்குடி கோயிலுக்குப் போறேன். எம் முடிய இறக்கிருதேன். பொறவு பாரு, ஒனக்கு எம்புட்டு வருதுன்னு."

அவள் முடி இடுப்புக்குக் கீழே. மெஷினில் சிக்காமல் இருக்க இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை அதைக் காயவைக்கவே அரை நாள். நல்ல சேலை இல்லை, நகை இல்லை, இது ஒன்றுதான் அவளுக்கு.

இன்னொன்றும் எழுத வேண்டும். அவள் முடி போகப்போகிறது என்று கேட்டதும் ஒரே ஒரு நொடி உள்ளே சந்தோஷமாக இருந்தது. சீ. நானெல்லாம் என்ன பிறவி.

11.3 புதன்

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடிக்கவில்லை. "இப்பப் போயிச் சொன்னா நாலு பேரு எம் மூஞ்சியில காறித் துப்புவாக. அவளா ஆசைப்பட்டுப் போடுதா. முடிதான, வளந்துரும். ஒனக்கு எதுக்கு வாங்கித் தந்தேன், அந்த டோப்பாவ மாட்டிக்கிட்டுப் பேசாம இரு."

டோப்பா பீரோவில் இருக்கிறது. செட்டியார்பட்டிக் கல்யாணத்துக்கு ஒரு தடவை மாட்டினேன். அரிப்பு, வியர்வை. பந்தியில் ஒரு குழந்தை என் தலையையே பார்த்துக்கொண்டு சோறு தின்னவில்லை. கழற்றி வைத்தால் செத்த பூனை மாதிரி கிடக்கும்.

சாப்பாட்டு நேரத்தில், "மகேசு, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை வரலைன்னு மட்டும் சொல்லிராத தாயி. நீ பக்கத்துல இருக்கணும்."

"வாரேன்" என்றேன். அதோடு சரி. அவிச்ச முட்டையில் பாதியை என் தட்டில் வைத்தாள்.

12.3 வியாழன்

லீவு போட்டேன். தலைவலி என்று. எப்படிச் சொல்லலாம்:

1. போனில். முகம் பார்க்க வேண்டாம்.
2. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவது. மூன்று தடவை பேசி மூன்று தடவை அழித்தாயிற்று.
3. தர்ஷினி வழியாக. எட்டாங்கிளாஸ் பிள்ளையை இதில் இழுப்பதா? வேண்டாம்.
4. ஸ்கார்ப் இல்லாமல் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பது. தெருவெல்லாம் பார்க்கட்டும். அதற்குப் பிறகு பொய் சொல்ல வழியே இருக்காது.

நாலாவதுதான் சரி என்று, நாலு மணிக்கு வெறுந்தலையோடு இறங்கினேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தெருமுனை வரை போனேன். காற்று பட்டது நன்றாகத்தான் இருந்தது. பால் பூத்தில் நின்ற இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி, "பாவம், கேன்சர் போல" என்றாள். காதில் விழாத மாதிரி பேசத் தெரியாதா மனிதர்களுக்கு. திரும்பி வந்துவிட்டேன். என்ன ஒரு தைரியசாலி!

ஆறு மணிக்கு மகேசு ஒரு போட்டோ அனுப்பினாள். தர்ஷினி எடுத்ததாம். முடியை விரித்துப் போட்டு முதுகு காட்டி நிற்கிறாள். "கடைசி போட்டோ" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை இரண்டு. நான் ஒரு ஹார்ட் அனுப்பினேன். ஹார்ட்!

13.3 வெள்ளி

போய் வந்தாயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆறே காலுக்கு பஸ். சாத்தூர் போய் மாறினோம். வழியெல்லாம் மகேசு பேசிக்கொண்டே வந்தாள், நான் "ம்" போட்டேன். மொட்டை போடும் இடத்தில் சீட்டு வாங்கினாள். குழாயில் குனிந்து தலையை நனைத்தாள். நனைந்தால் இன்னும் நீளம்.

அப்போதுதான் வாயில் வந்தது. "மகேசு, போடாத. எனக்கு வேண்டுதலே கிடையாது. புழுவெட்டு. தர்ஷினிக்குன்னு சும்மா சொல்லிட்டேன். வா, வீட்டுக்குப் போவோம்."

முடியிலிருந்து தண்ணீர் சொட்டி ஜாக்கெட்டெல்லாம் நனைந்தது. பிறகு கேட்டாள்: "எம் பிள்ள அங்க கெடந்தப்ப, சாமிகிட்ட ஒரு வார்த்தை கூடக் கேக்கலையா நீ?"

"கேட்டேன்ட்டி. தெனமும் கேட்டேன்."

அது நிஜம். சாமி சத்தியமாக நிஜம். டிரிம்மரைக் கையில் வைத்துக்கொண்டு கூட அந்தப் பிள்ளையைத்தான் நினைத்தேன். அவள் நம்பவில்லை. நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை, அதைப் போய் நம்பவில்லை.

"சரி, வா போவோம்" என்று மறுபடி கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

"நான் ஆத்தாகிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேன். சொன்ன பொறவு இல்லைங்க முடியாது. பொய்க்காரி ஒருத்தி போதும்."

போய் உட்கார்ந்துவிட்டாள். முடியை இரண்டாகப் பிரித்து முடிந்தார்கள். பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. வியாழக்கிழமையே சொல்லியிருந்தால்? அதுவும் பிந்தித்தான், அவள் மஞ்சள் துணியில் காசு முடிந்தது செவ்வாய். அப்போ திங்கள், குழாயடியில். அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று அவள் முடி அவள் தலையில்.

வரும்போது வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

15.3 ஞாயிறு

போன் எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை. தக்காளி, பெருங்காயம், இவர் சட்டைக்கு பட்டன்.

16.3 திங்கள்

மகேசு சந்தனம் பூசிய தலையோடு வந்தாள். முக்காடு கூட இல்லை. எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று காத்திருந்தேன். "எம் மகளுக்கு ஒரு பாக்கி இருந்துச்சு, முடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். எனக்காக அவளும் ஒன்றை மறைத்துவிட்டாள். காட்டிக்கொடுத்திருந்தால் தேவலை.

மத்தியானம் எல்லாரும் தட்டை விரித்ததும் எழுந்து ஸ்கார்பை அவிழ்த்தேன். "எனக்குப் புழுவெட்டு. மூணு மொட்டையும் பொய். தர்ஷினி பேரை இழுத்தது எந் தப்பு." ஒருத்தரும் மெல்லவில்லை. "அடிப்பாவி! சாமி பேருல வெளாடலாமாட்டி?" என்றாள் பேச்சியக்கா. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு பேரும். அது நான் எதிர்பார்த்ததுதான், அவ்வளவாக வலிக்கவில்லை. மகேசு நிமிரவே இல்லை.

சாயங்காலம் ஸ்கார்ப் கட்டாமலே வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே அவள் நின்றாள். இரண்டு மொட்டையும் பக்கம் பக்கமாக நிற்பதை டீக்கடையில் எல்லாரும் பார்த்தார்கள்.

"இப்ப எதுக்கு எல்லாருகிட்டயும் சொன்னீங்க?"

"ஒனக்காகத்தான் மகேசு."

"எனக்காக, எம் பிள்ளைக்காகன்னு இனிமே ஒண்ணும் செய்யாதீங்க."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். நான் ஏறவில்லை.