அடுக்களைக் கதவு வழியாக வா

வெஸ்டர்கேர் பண்ணை,
1956 டிசம்பர், இரண்டாம் ஞாயிறு

அன்பு மகள் சிட்செலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் மாடுகளும் சுகம். கோபன்ஹேகன் குளிரில் கம்பளிக் காலுறை போடுகிறாயா என்று கேட்டால் சிரிப்பாய், ஆனாலும் கேட்கிறேன். உன் அப்பா சுகமா இல்லையா என்று எனக்கே பிடிபடவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ நடித்த படம் லெம்விக் டவுனுக்கு வந்தது. சின்ன வேஷம்தான், பெரிதாக எதிர்பார்க்காதே என்று எழுதியிருந்தாய். என்ன வேஷம் என்று மட்டும் எழுதவில்லை. அதற்கே உன் காதைத் திருக வேண்டும்.

எட்டு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை மத்தியானம் பல் வைத்தியரிடம் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். பொய்தான். நீ நாடகத்தில் சேர்ந்த அன்று "வேஷக்காரிக்கு இந்த வீட்டு வாசல் கிடையாது" என்று சொன்ன மனுஷரிடம், உன்னைத் திரையில் பார்க்கப் போகிறேன் என்றா சொல்ல முடியும்? நம் ஜெபவீட்டில் சீட்டாட்டமும் நடனமும் சினிமாவும் ஒரே பாவம்தானே. அவர் காபியை உறிஞ்சிக்கொண்டே, "எந்தப் பக்கத்துப் பல்லு?" என்றார். இடது என்றேன். "காலையில வலதுன்னியே?" என்றார். பிறகு கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன். எனக்கும் பல்லு வலிக்குது" என்றார். அவர் வாயில் இருப்பது அத்தனையும் பொய்ப்பல் என்று உனக்குத்தான் தெரியுமே.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகத் தியேட்டருக்கு நடந்தார். பேப்பரில் உன் பெயரைப் பார்த்திருக்கிறார், அழுத்தக்காரர், மூச்சு விடவில்லை. வாசலில் நான்தான் தயங்கினேன். "உள்ள போறது பாவம்னா வாசல்ல நிக்கிறதும் பாவம்தான். பாவத்தை உக்காந்துகிட்டே பண்ணுவோம், வா" என்றார்.

படம் ரொம்ப நிதானம், சிட்செல். ஒருவர் ஜன்னலிலிருந்து மேஜைக்கு வந்து சேர்வதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. "இந்த நேரத்துல ரெண்டு மாடு கறந்திருப்பேன்" என்று அப்பா முணுமுணுத்தார். அந்த மீனவர் வீட்டில் அப்பனுக்கும் மகனுக்கும் கடவுளை எப்படிக் கும்பிடுவது என்று சண்டை. நடுவில் வீட்டுப் பெண்ணாக நீ வந்து காபி ஊற்றினாய். அப்பா என் முழங்கையை இடித்தார். "கெண்டியைப் பிடிக்கிறதைப் பாரு, அப்படியே உன்னை மாதிரி" என்றார். நாலு வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு காய்ச்சல் வந்து நீ செத்துப்போனாய். நடு அறையில் சவப்பெட்டி, அதில் வெள்ளை உடுப்போடு கண்மூடி என் பிள்ளை. எந்தச் சபையின் பாட்டைப் பாடுவது என்று பிணங்கிக்கொண்டு அப்பனும் மகனும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். ஒரு சத்தமில்லை. நம் ஊர்ப் பக்கத்தில் பெட்டியைச் சுற்றி நின்று பாடாமல் யாரையாவது வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறோமா? பெட்டியை மூட ஒரு ஆள் மூடியைத் தூக்கினான். என் பக்கத்திலிருந்த உன் அப்பா எழுந்துவிட்டார். தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் பாடத் தொடங்கிவிட்டார்.

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் கூடச் சேர்ந்தது. யார் என்று நினைக்கிறாய்? பக்கத்துப் பண்ணை கிரெஸ்டென்! சினிமா நரகத்துக்குக் குறுக்குவழி என்று அதற்கு முந்தின ஞாயிறு ஜெபவீட்டில் முழங்கிய அதே கிரெஸ்டென். இன்னும் சில குரல்கள் சேர்ந்தன. நம் சபையில் பாதிப் பேர் அந்த இருட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று கடைசி அடிவரை பாடினோம். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கிரெஸ்டென், "நான் உன்னை எங்கயும் பாக்கலை, தோயர்" என்றார். "நானும் உன்னைப் பாக்கலைய்யா. ஆனா ரெண்டாவது அடியில சுருதியை விட்டுட்டே" என்றார் உன் அப்பா.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. நடிப்பு என்று தெரியாதவரா? தெரியும். நேற்று கன்றுக்குப் பால் காட்டும்போது சொன்னார்: "வாசல் கிடையாதுன்னு அன்னைக்குச் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு, அபெலோனே. இப்ப நானே நின்னு பாடி அனுப்பிட்டேன். பாடி அனுப்பினவங்க யாரு திரும்பி வந்திருக்கா?" வாளியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள் என்றேன். "நீ சொல்லாதே. நான் கண்ணால பாக்கணும்" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு மகளே. கொழுத்த வாத்து ஒன்றை உனக்கென்று விட்டு வைத்திருக்கிறேன். உன்னைக் கூப்பிடச் சொல்லி அவர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். ஆனால் பரணில் கிடந்த உன் கட்டைச் செருப்பை இறக்கி, உள்ளே புது வைக்கோல் திணித்து, அடுக்களைக் கதவருகே வைத்திருக்கிறார். நான் கவனித்ததைப் பார்த்துவிட்டு, "எலி கடிச்சிடும்னு இறக்கினேன்" என்றார்.

ஒன்று சொல்கிறேன், கேள். பட்டணத்து விருந்தாளி மாதிரி முன்வாசலில் வந்து நிற்காதே. அந்தக் கதவை நாம் மணப்பெண்ணுக்கும் சவப்பெட்டிக்கும்தானே திறக்கிறோம். உயிரோடு இருக்கிறவர்கள் வருகிற அடுக்களைக் கதவு வழியாக வா. செருப்பை மாட்டிக்கொண்டு கல்தரையில் டக் டக்கென்று சத்தமாக நட. அவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். கோபம் என்று நினைத்துவிடாதே. காபி அடுப்பில் தயாராக இருக்கும். நீ ஒன்றும் பேச வேண்டாம், கெண்டியை எடுத்து அவருக்கு ஒரு கோப்பை ஊற்று.

கர்த்தர் உன் மூச்சைக் காத்து, உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா