கேனைத் தொட்டால் போர் பெயில்

டில்லி
12.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தனா எழுதுகிறேன். நலம். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியைப் பக்கத்து அறைக்காரிகள் பாதி காலி செய்துவிட்டார்கள். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்வார். இது உங்களுக்கு மட்டும்.

"ஆப்பிரிக்கா வரலாறு படிச்சு என்ன சாமி பண்ணப்போறே? ஆறு வருஷம் அங்கயே ரிக் ஓட்டுனவன் ஊட்டுல இருக்கறேன், என்னையக் கேளு" என்று சிரிப்பீர்கள். இப்போது கேட்கிறேன். இந்தியக் கம்பெனிகளில் வேலை பார்த்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் பேட்டிகளை எங்கள் துறையில் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஒன்றில் தமிழ்ச் சொற்கள் வருகின்றன என்று அதை எழுத்தில் எடுக்க என்னிடம் கொடுத்தார்கள். பேசுகிறவர் தான்சானியாவில் சிங்கிடாக்காரர், பெயர் ஹமிசி. போர்க்கிணறு போடும் ரிக் வண்டியில் ஹெல்பராக இருந்தவராம். "என் டிரில்லர் அர்த்தநாரி தங்கமான மனிதர், தொழில் முழுக்க அவர் கற்றுத்தந்தது" என்கிறார். உங்கள் பெயரைக் கேட்டதும் நான் துள்ளிக் குதித்துவிட்டேன்.

அடுத்து அவர் சொன்னதை மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். டிரில்லர் குடிக்கும் தண்ணீர்க் கேனை ஹெல்பர் தொடக்கூடாதாம். தொட்டால் தண்ணீர் வராமல் போர் பெயிலாகிவிடுமாம். அது ரிக் தொழிலின் சட்டம் என்பதால் ஹெல்பர்களுக்குத் தனித் தகர டப்பாவாம். இதையெல்லாம் பக்தியோடு சொல்கிறார் அப்பா.

அப்படி ஒரு சட்டம் உண்டா?

அன்பு மகள்,
தனப்பிரியா


பரமத்தி வேலூர்
19.02.2024

அன்பு மகள் தனாவுக்கு அப்பன் எழுதுவது.

வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. ஹமிசி நன்றாக இருக்கிறான் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். மலேரியாவில் நான் கிடந்தபோது மூன்று நாள் பக்கத்திலேயே இருந்து வாயில் தண்ணீர் விட்டவன் அவன்.

சட்டம் ஒன்றும் கிடையாது. வண்டியில் ஹெல்பர்களைத் தவிர மற்ற ஆட்கள் எல்லாரும் நம் பக்கத்துக்காரர்கள். "அவீக தொட்ட கேன்ல நாங்க எப்படிங்க குடிக்கறது" என்று அங்கே போன முதல் வாரமே அடம்பிடித்து நின்றுவிட்டார்கள். ஹமிசி மனம் நோகக்கூடாது என்று ஒரு பொய் சொல்லிவைத்தேன். ஊரோடு ஒத்து வாழ் என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்.

இது ஒரு விஷயமே இல்லை, கிளறாதே. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் என் பெயரை எடுத்துவிடு. வாழை காற்றில் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


டில்லி
26.02.2024

அப்பாவுக்கு,

அவர் கையால் தண்ணீர் குடித்துப் பிழைத்துவிட்டு அவருக்கு டப்பா வைத்திருக்கிறீர்கள். படித்துவிட்டு அழுதேன்.

மீதிப் பேட்டியையும் கேட்டுவிட்டேன். ஹமிசி இப்போது சொந்தமாக ரிக் வைத்திருக்கிறார். ஒன்பது ஹெல்பர்கள், ஒன்பது தகர டப்பாக்கள். "இந்தியர் சொன்ன சட்டத்தை நான் விட்டதில்லை" என்று பெருமைப்படுகிறார். ஒரு நாள் ஒரு ஹெல்பர் தாகத்தில் அவர் கேனை எடுத்துக் குடித்துவிட்டானாம். அன்று எழுநூறு அடி போட்டும் தண்ணீர் இல்லை. சாயங்காலமே அவனைக் காட்டுப் பாதையில் இறக்கிவிட்டுவிட்டாராம். அவன் வீடு போய்ச் சேரவேயில்லை என்று பிறகு சொன்னார்களாம். குரலில் ஒரு நடுக்கம் இல்லை அப்பா. சட்டத்தை மீறியவன், அவ்வளவுதான்.

வகுப்பில் இதைப் போட்டுக் காட்டியபோது, "உங்கள் ஊர் நம்பிக்கையா இது?" என்று பேராசிரியை என்னைக் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். நம் தோட்டத்தில் வேலை செய்யும் பாவாயிக்குக் கை படாமல் தண்ணீரைத் தூக்கி ஊற்றியவள்தான் நானும். உங்கள் பொய்யைவிட என் பொய் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

மார்ச் பதினைந்தாம் தேதி இதற்கு விளக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். ஹமிசியின் எண்ணைத் துறையில் கேட்டு, அவர் சம்மதத்தோடு வாங்கித் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களே பேசுங்கள். பேசாவிட்டாலும் பெயரோடுதான் எழுதுவேன். அதன் பிறகு எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவேன் என்று தெரியவில்லை.

தனப்பிரியா


பரமத்தி வேலூர்
11.03.2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை. உன் அம்மா சர்க்கரை ஏறிவிட்டதென்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்தாள். நான்காம் நாள் போன் செய்தேன். அவன் பாஷை பாதி மறந்துவிட்டது, பாதி வந்தது.

"டிரில்லர்" என்று என் குரலைக் கேட்டு அழுதுவிட்டான். நான் உடைத்துச் சொன்னேன். சட்டம் என்று எதுவும் இல்லை, எங்கள் ஊரில் சில ஆட்களை நாங்கள் தொடவிடமாட்டோம், உன்னையும் அந்த வரிசையில்தான் வைத்தோம் என்றேன். அவன் சிரித்தான். உங்களுக்கு வயதாகிவிட்டது, அந்த ஒரு நாள் தவிர என் போர் பெயிலானதே இல்லை என்றான். நான் திரும்பவும் சொன்னேன். மூன்றாம் முறை சொன்ன பிறகுதான் சிரிப்பை நிறுத்தினான்.

"அப்படியென்றால் அந்த ஆளை நான் எதற்கு இறக்கிவிட்டேன்?" என்று கேட்டான்.

கேட்டதோடு சரி சாமி, போனை வைத்துவிட்டான். அதிலிருந்து தினமும் அடிக்கிறேன், எடுப்பதில்லை.

நீ எழுது. என் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் போடு. நீ வீட்டுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம், வா என்று கூப்பிட எனக்கு இப்போது வாய் வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். காட்டில் இறக்கிவிட்ட அந்த ஆளின் பெயரை ஹமிசி எங்காவது சொல்லியிருக்கிறானா என்று அந்தப் பேட்டியை இன்னொரு முறை கேட்டுப் பார்த்து எழுது.

அர்த்தநாரி