அத்தை தைத்த பர்ஸ்

சத்தியவேடு
10.6.2024

அன்புள்ள கலைவாணிக்கு,

தாட்சாயணி எழுதுவது. பழைய மாமியார் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் பெயரைப் போட்டேன். பார்த்ததும் கிழித்துவிடாதே அம்மா. வம்புக்கு எழுதவில்லை, ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நீயும் சுதீரும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. உன் அண்ணன் சாமான்களை ஏற்ற வந்த அன்று, தையல் மிஷின் மட்டும் வேண்டாம் என்று நீ சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். அது மூலையிலேயே இருந்தது. சித்திரையில் தூசி துடைக்கப் போனவள் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். மத்தியான வேளையில் நீ எனக்கு நேர்த்தையல் சொல்லிக்கொடுத்தாயே, கால் அதை மறக்கவில்லை. தலையணை உறை தைத்தேன். பிறகு காய்கறிப் பை. இப்போது ஐம்பத்து நாலு வயசில் ஜிப்பு வைத்த பர்ஸ் தைக்க இறங்கியிருக்கிறேன்.

தைத்தும் முடித்துவிட்டேன். ஆனால் உள்பக்கம் வெளியே இருக்கிறது, திருப்ப முடியவில்லை. ஜிப்பு உள்ளே மூடிக்கொண்டு கிடக்கிறது, விரல் போகவில்லை. மூன்று பர்ஸ் இப்படியே ஆயிற்று. எங்கே தப்பு?

பதிலை பஜாரில் கமலக்கண்ணன் நூல்கடை விலாசத்துக்குப் போடு. வீட்டுக்கு வேண்டாம்.

அன்புடன்,
தாட்சாயணி


திருப்பதி
22.6.2024

அத்தைக்கு,

கடிதம் வந்தது.

ஜிப்பைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அப்புறம் சுற்றித் தைக்க வேண்டும். லைனிங் துணியின் அடியில் நாலு விரல் அகலம் தைக்காமல் விடுங்கள். அந்த வழியாகத் திருப்பிவிட்டு, கடைசியில் அதை மூடுங்கள். கெட்டுப்போன மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். ஓரத்தைப் பிரித்தால் சரியாகிவிடும்.

நான் இங்கே ஒரு பிளவுஸ் கடையில் வேலை பார்க்கிறேன். நன்றாக இருக்கிறேன்.

கலைவாணி


சத்தியவேடு
8.7.2024

அன்புள்ள கலைவாணிக்கு,

திரும்பிவிட்டது! நீ சொன்னபடி திறந்து வைத்துத் தைத்து, சந்து வழியாக இழுத்தேன். முதலில் ஒரு மூலை வந்தது, அப்புறம் முழுசாக வந்தது. மூலைகளைத் தென்னங்குச்சியால் குத்திச் சரி செய்தேன். பூப்போட்ட துணி வெளியே, பச்சைக் கோடு உள்ளே. நானே தைத்ததா என்று கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன், அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது.

அதைப் பால்கார லட்சுமம்மாவுக்குக் கொடுத்தேன். போனையும் சில்லறையையும் அதில் போட்டு, நாடா கோத்துக் கழுத்தில் மாட்டிக்கினு வருகிறாள். தெருவில் அவள் வரும்போது எனக்குப் பர்ஸ்தான் முதலில் கண்ணில் படுகிறது. முப்பது வருஷமாகச் சமைக்கிறேன் கலைவாணி. ஆக்கினதெல்லாம் துன்னுவிட்டுக் கை கழுவினால் போயிற்று. நான் செய்த ஒன்று மறுநாளும் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். மத்தியானம் வேலை முடிந்ததும் மிஷின் முன்னால் ஏன் ஓடி உட்காருவாய் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

உன் மாமா, "இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்கு இது" என்கிறார். ஆனால் பைக் சாவிக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தேன், வேண்டாம் என்று சொல்லாமல் மாட்டிக்கொண்டார்.

நீ என்ன தைக்கிறாய்? பிளவுஸ் மட்டும்தானா?

அன்புடன்,
தாட்சாயணி


திருப்பதி
20.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

லட்சுமம்மா கழுத்தில் பர்ஸ் ஆடுவதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். என்னோடு அறையில் இருக்கும் சிவசங்கரி, யார் எழுதியது என்று கேட்டாள். ஒரு தோழி என்று சொன்னேன்.

பகலில் பிளவுஸ். மீதி நேரம் எனக்காகத் தைக்கிறேன். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு அன்றுதான் மொட்டை அடித்திருந்தார்கள். தலையெல்லாம் சந்தனம், மேலே வெயில். அம்மா முந்தானையால் மூடிக்கினே இருந்தாள், குழந்தை தள்ளிக்கினே இருந்தது. அறைக்கு வந்து தொப்பி வெட்டினேன். உள்ளே துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணி, வெளியே கலர் காட்டன். தையல் ஓரம் எதுவும் தலையில் படக் கூடாது, அதுதான் சாமர்த்தியம். நாலு தடவை பிரித்தேன். அடுத்த ஞாயிறு ஒரு பையில் பத்து தொப்பி போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சும்மா கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு குழந்தை தொப்பியைக் கழற்றிப் பார்த்து, மறுபடி தானே மாட்டிக்கொண்டது. அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தொப்பிக்கு அளவு காகிதத்தில் வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களும் தைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
கலைவாணி


சத்தியவேடு
2.9.2024

அன்புள்ள கலைவாணிக்கு,

ஆறு தொப்பி தைத்தேன். இரண்டு சரியாக வந்தன. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் வேறு விஷயம் இருக்கிறது. உனக்கு மற்றவர் வாயால் தெரியக் கூடாது.

சுதீருக்குப் பெண் பார்த்து முடிவாகிவிட்டது. பாலசமுத்திரம், விவசாயக் குடும்பம். பெண் பெயர் ஹரிதா. டிகிரி முடித்திருக்கிறாள். கார்த்திகையில் கல்யாணம்.

நிச்சயத்தின்போது அவளுடைய அம்மா என்னிடம், முதல் கல்யாணம் ஏன் முறிந்தது என்று கேட்டார். எனக்கு முன்னாலேயே உன் மாமா பதில் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் மனசு இல்லை, எந்நேரமும் மிஷின்தான் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கலைவாணி, நான் அன்று சமையலறை வாசலில் நின்றிருந்தேன். ரேகா டீச்சர் ஸ்கூல் பிள்ளைகளுக்காக நீ நாற்பது ஹேர்பேண்ட் தைத்து வைத்திருந்தாய். சுதீர் டூட்டி முடிந்து வந்தான், சோறு ஆறிப்போயிருந்தது. அத்தனையையும் அள்ளி வெந்நீர் அடுப்பில் போட்டான். நீ கையைவிட்டு எடுக்கப் போனாய். அவன் உன்னை அடித்தான். ஒரு தடவை இல்லை. எல்லாவற்றையும் பார்த்தேன். ஊர்ப் பெரியவர்கள் கூட்டத்தில், உங்கள் மகன் கை நீட்டினானா என்று என்னைத்தான் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

உன் மிஷினில் உட்காரும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது. இருந்தும் உட்காருகிறேன். இப்போது இந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா, நீயே சொல்.

தாட்சாயணி


திருப்பதி
15.9.2024

அத்தைக்கு,

பத்து நாள் உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன்.

என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்லி நீங்கள் செய்தால், அது என் பழி தீர்த்ததாகத்தான் ஊரில் ஆகும். உங்கள் மனசுக்கும் அப்படியே தோன்றிவிடும்.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். அவர் அடித்தது வலித்தது, ஆறிவிட்டது. கையில் பட்ட சூடும் ஆறிவிட்டது. நீங்கள் சொன்ன வார்த்தை ஆறவில்லை. எனக்கு அந்த வீட்டில் ஒருவர் இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் மிஷினை எடுக்கவில்லை. அதைப் பார்த்தால் உங்களோடு உட்கார்ந்த மத்தியானங்கள் ஞாபகம் வரும்.

தொப்பி ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் துணியைக் குறுக்கு வாட்டில் வெட்டிப் பாருங்கள்.

கலைவாணி


சத்தியவேடு
7.10.2024

அன்புள்ள கலைவாணிக்கு,

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பாலசமுத்திரம் போய்விட்டு வந்தேன். நகரியில் இறங்கி, மூன்று பஸ் மாறி, தனியாகப் போனேன். கல்யாணப் பெண்ணுக்கு ஏதாவது கொண்டு போக வேண்டும் என்று ஒரு பர்ஸ் தைத்து எடுத்துக்கொண்டேன். நான் தைத்ததிலேயே அதுதான் நன்றாக வந்தது. கருநீலப் பட்டுத் துண்டு, உள்ளே மஞ்சள், ஒரு மூலைகூடக் கோணல் இல்லை.

ஹரிதா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்களே தச்சதா அத்தை? யார் கத்துக்குடுத்தாங்க?" என்று கேட்டாள். பஸ்ஸில் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே போனேன், எதுவும் தோன்றவில்லை. அவள் கேட்டதும் வந்துவிட்டது. "எம் மொத மருமக கத்துக்குடுத்தா. அவளை எம்புள்ள அடிச்சான். நான் பார்த்துக்கினு நின்னேன். கூட்டத்துல தெரியாதுன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் அம்மா எழுந்து கதவைச் சாத்தினார். ஹரிதா பர்ஸை மடியில் வைத்தாள். பிறகு, "இப்ப ஏன் சொல்றீங்க?" என்றாள்.

"நாளைக்கு உன் விசயத்துலயும் நான் தெரியாதுன்னு சொல்லக் கூடாது, அதுக்குத்தான்" என்றேன்.

கல்யாணம் நின்றுவிட்டது. அந்த ஞாயிறே அவர்கள் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். உன் மாமா என்னோடு பேசுவதில்லை, சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்துக்கொள்கிறார். சுதீர் நடுவீட்டில் நின்று, "நீ எனக்கு அம்மாவா, அவளுக்கு அம்மாவா?" என்று கேட்டான். "உனக்கு அம்மாவா இருந்திருந்தா அன்னிக்கே உன் கையைப் புடிச்சிருப்பேன் நைனா" என்றேன். என்னை ஏதாவது செய்வான் என்று நினைத்தேன். செய்யவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். இப்போது கம்பெனி பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். நேற்று அவனுக்குச் சோறு கொண்டு போனேன். வாங்கிக்கொண்டான். அவன் என் பிள்ளைதான், அதை நான் விட முடியாது.

மன்னிப்பு வாங்குவதற்காக இதை எழுதவில்லை. பட்ட சூட்டுக்கு நான் மருந்துகூடப் போடவில்லை, அதுவும் தெரியும். நீ பதில் எழுதாவிட்டாலும் நான் தைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

தாட்சாயணி


திருப்பதி
16.10.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைச் சிவசங்கரிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை, மீதியை அவள் வாசித்தாள். முடித்துவிட்டு, "தோழின்னு சொன்னியே" என்றாள். ஆமாம் என்று சொன்னேன்.

மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. தெரியாததை எழுத மாட்டேன். ஆனால் கடிதம் வந்த நாளிலிருந்து, மிஷினில் உட்கார்ந்தால் அந்தக் கூட்டம் கண் முன்னால் வருவதில்லை. நேற்று எட்டு தொப்பி தைத்தேன், ஒன்றில்கூட நூல் அறவில்லை.

சுதீருக்குச் சோறு கொண்டு போவதை நிறுத்தாதீர்கள். அதற்காக நான் உங்கள்மேல் வருத்தப்பட மாட்டேன்.

இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் தாம்பூலம் போட்டுத் தர முந்நூறு சுருக்குப்பை கேட்டிருக்கிறார்கள். தை மாதம் வேண்டும். ஒரே ஆளால் ஆகாது. நூற்றைம்பது உங்களால் முடியும் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன், கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். துணி எடுக்கச் சென்னைக்குப் போக வேண்டும். எந்தச் சிவப்பு எந்தப் பச்சைக்குச் சேரும் என்று கடையில் துணியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய எனக்கு ஒரு ஆள் வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை எட்டரைக்கு சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். வீட்டுக்கு வர மாட்டேன். அங்கிருந்தே சென்னை பஸ் பிடிக்கலாம். மத்தியானத்துக்குப் புளிச்சோறு கட்டி வருகிறேன்.

மாமாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். யாரோடு போகிறாய் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கலைவாணி