சயனைடு மேட்டு நித்தியகல்யாணி

பாலகாட்,
ஞாயிறு

அன்புள்ள பல்லவிக்கு,

"உன் பூஞ்சை என்னைக் காப்பாத்துமா, காப்பாத்தாதா? ஒண்ணு சொல்லு" என்று உன் அப்பா இன்று கேட்டார். தெரியவில்லை அண்ணா என்றேன்.

நித்தியகல்யாணி இலைக்குள் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்து நாங்கள் பிரித்த பொருள், கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது. அவ்வளவுதான். எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை. அந்தச் செடியை நம் ஊர்த் தங்கச் சுரங்கத்துச் சயனைடு மேட்டில் எடுத்தேன் என்பதால் ஒரு கன்னடப் பத்திரிகை என் படத்தோடு செய்தி போட்டது. உன் அப்பா அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்.

கொஞ்ச நாளாகவே அந்த மேட்டில் இலை பறித்து, அரைத்துக் குடித்துவந்திருக்கிறார். நேற்று மிக்ஸி ஜாரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், செடியும் விஷம், எங்கள் பொருள் இலையுடையது அல்ல, பூஞ்சையுடையது என்றெல்லாம் சொன்னேன். சிரிக்கிறார். "சயனைடு மண்ணுலயே சாவாத செடி கேன்சருக்கா பயப்படும்? ஆஸ்பத்திரில போடற ஊசி ஒண்ணு இதுலருந்து வந்ததுன்னு நீதானம்மா சொன்ன?"

அது உண்மைதான்.

நாளை பெங்களூரில் மூன்றாவது கீமோ. வரமாட்டேன் என்கிறார். "வூட்லயே டாக்டர் இருக்கறப்போ இன்னாத்துக்கு அங்க போய் முடி கொட்டணும்?" என்று பக்கத்து வீட்டு ஞானசுந்தரியிடம் பெருமை வேறு. நான் செடிகொடியில் டாக்டர் பட்டம் வாங்கியவள். அவர் பக்கத்திலேயே இருப்பதால் போனில் பேச முடியவில்லை, மெயில் எழுதுகிறேன். பார்த்ததும் அவரைக் கூப்பிடு. நீ சொன்னால் வருவார்.

அத்தை ராதா

திங்கள்

பல்லவி,

நீ பேசியதால் வந்தார். மாரிக்குப்பம் ரயிலில் ஜன்னலோர இடமும் கிடைத்தது.

ஆனால் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கின்றன. இன்று கீமோ தர முடியாது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன கீமோவாலா, இலையாலா என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. இலையைப் பற்றி நான்தான் சொன்னேன். யார் கொடுக்கச் சொன்னது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "யாரும் இல்லீங்க, நானாத்தான். எந்தங்கச்சிக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க."

இப்போது காய்ச்சலில் படுத்திருக்கிறார். உனக்கு எழுதக்கூடாது என்றார். டப்ளினில் லீவு கொடுத்தால் வந்துவிடு அம்மா. கொடுக்காவிட்டாலும் வா. நன்றாயிரு.

ராதா