மகேஸ்வரன் கடைப் பலகையில் அப்பா எழுதிய வரலாறு

மெர்சிங், மலேசியா

அன்பு மகன் பிராண்டனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவுக்கு முட்டிக்காலில் மட்டும் வலி, ஆனால் அது வாய்வரைக்கும் ஏறவில்லை. அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, காலுறை ஈரமாக இருந்தால் உடனே மாற்று. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லும் ஒவ்வொரு தேதியையும் திருத்துவார், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். இந்தக் கதையை எனக்கு முழுதாகச் சொல்ல வேண்டும்.

தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு உன் அப்பா வீட்டில் என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். என் மசாலா போத்தல்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கினார், நான் சீரகத்தைத் தேடி ரசம் கொதித்து வற்றியதுதான் மிச்சம். அதனால் காலையில் படகு ஏறும் ஜெட்டிக்குப் போகும் சாலையில் இருக்கிற மகேஸ்வரன் சாப்பாட்டுக் கடைக்குப் போய் உட்காருங்கள் என்று நானேதான் அனுப்பினேன். அங்கே கடைக்கு முன்னால், இன்றைக்கு என்ன கறி என்று எழுதும் வெள்ளைப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் பாதி சும்மாதான் கிடக்கிறது, நான் ஏதாவது எழுதட்டுமா என்று அப்பா கேட்டிருக்கிறார், மகேஸ்வரனும் பாவம், எழுதுங்க சார் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தினமும் ‘வரலாற்றில் இன்று’ என்று தமிழிலும் மலாயிலும் எழுத ஆரம்பித்தார். கைபேசியில் தேடிப் பார்த்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒரு எழுத்து கோணினாலும் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். முதலில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ரொட்டி சானாய்க்குக் காத்திருப்பவர்கள் படிப்பார்கள், படித்துவிட்டு அப்பாவிடம் சந்தேகம் கேட்பார்கள், அவர் முகம் அப்படி மலரும்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி வந்தது. அன்றைக்குத் தீவுக்குப் போகிற கூட்டம் கடை நிறைய. அப்பா பலகையில் பெரிய எழுத்தில், இதே நாளில் டைட்டானிக் கப்பல் மூழ்கியது, ஆயிரத்து ஐந்நூறு பேர் பலி என்று எழுதி, கீழே ஒரு சின்னக் கப்பலும் வரைந்துவிட்டார். ஈப்போவில் இருந்து வந்த ஒரு குடும்பம் அதைப் படித்துவிட்டு, தோசையைப் பாதியில் வைத்து, படகு ஏறாமல் திரும்பிப் போய்விட்டது. படகு டிக்கெட் விற்கிற ஜெயபாலன் ஓடி வந்து, “சார், கப்பல் முழுகுன கதைய ஜெட்டி வாசல்லயா லா எழுதுவீங்க?” என்று அழாத குறையாகக் கேட்டான். அது உண்மைதானே என்றார் அப்பா. மகேஸ்வரன் அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டான், நல்ல செய்தி மட்டும்தான் எழுத வேண்டும் என்று.

பிராண்டன், உலகத்தில் நல்லது எவ்வளவு குறைவாக நடந்திருக்கிறது என்று உன் அப்பா அப்போதுதான் கண்டுபிடித்தார். எந்த நாளைத் தொட்டாலும் ஒரு போர், ஒரு தீ, ஒரு ராஜாவின் கழுத்து. ஒரு நாள் வேறு வழியில்லாமல், கால்சட்டைக்குப் போடும் ஜிப்புக்குக் காப்புரிமை வாங்கிய நாள் என்று எழுதினார். அன்று காலை முழுக்க கடையில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராகப் பலகையைப் படித்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். சரக்கு தீர்ந்துபோனதும் நம் ஊர் வரலாற்றுக்கு இறங்கினார். ஊர்க்காரர்களுக்கு இது பிடித்துப்போனது. நம் தெரு ராஜம்மா அக்கா தன் சிறுநீரகக் கல் வெளியே வந்த நாளைப் போடச் சொல்லி, அந்தக் கல்லையே ஒரு குட்டிப் போத்தலில் கொண்டுவந்து இட்லி மேசையில் வைத்துவிட்டது. அப்பா அதையும் போட்டார், அளவோடு.

இனி வருவதுதான் முக்கியம். டயர் கடை ஐயாசாமியையும் அவர் தம்பி மோட்டார் பட்டறை மதிவாணனையும் உனக்கு நினைவிருக்கும். ஒரே சுவர், இரண்டு கடை, இருபது வருஷமாகப் பேச்சு இல்லை. கடைகளுக்குப் பின்னால் இருந்த டுரியான் மரத்தில் இருந்து கனத்த முள் பழம் விழுந்து மதிவாணனின் புது வேன் கண்ணாடி நொறுங்கியது, ஐயாசாமி வந்து கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார், மறுநாள் மதிவாணன் மரத்தை வெட்டிவிட்டான். போன மாதம் ஒரு நாள் மகேஸ்வரன் சாமான் வாங்க ஜொகூர் பாரு போயிருந்தான். தட்டிக் கேட்க ஆள் இல்லை. உன் அப்பா பலகையில், இதே நாளில் 2006-இல் ஐயாசாமி, மதிவாணன் சகோதரர்களின் டுரியான் சண்டை, ஒரு பழம், ஒரு வேன் சேதம் என்று எழுதிவிட்டார்.

நான் தேங்காய் வாங்கப் போனவள் அங்கேதான் நின்றேன். கை முழுக்க டயர் கருப்போடு ஐயாசாமி ஒரு பக்கம் இருந்து வருகிறார், திருப்புளியோடு மதிவாணன் மறுபக்கம் இருந்து வருகிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அப்பாவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். “ஸ்டானிஸ்லாஸ், மே மாசத்துல எங்கய்யா டுரியான் விழுது? தெரியாட்டி எழுதாத” என்று அப்பாவை அதட்டினார் ஐயாசாமி. அப்பா, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கோவில் கூரை ஒழுகிய வாரம் என்று சாதித்தார். மதிவாணன், “சார், மே இல்லவே இல்ல. அதோட ஒரு பழமா? ரெண்டு பழம்” என்றான். ஆமாம் இரண்டு என்றார் ஐயாசாமி, பலகையைப் பார்த்துக்கொண்டே. “ஒன்னு முன் கண்ணாடியில, ஒன்னு கூரையில. கூரையில விழுந்ததுதானே பெருசு, இல்லண்ணே?” என்று மதிவாணன் வாய்தவறிக் கேட்டுவிட்டான். ரொட்டி போடுகிறவன்கூட மாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். ஐயாசாமி, “ஆமா. ஆனா அது பூரா புழு. தூக்கித்தான் போட்டேன்” என்றார். மதிவாணன் அவரை அப்போதுதான் நேராகப் பார்த்தான். “நீங்க நல்லா தின்னுட்டீங்கன்னுல்ல இத்தன வருஷம் நெனச்சேன்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தே தாரிக் டீ குடித்தார்கள், குடித்துக்கொண்டே உன் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று பேசிக்கொண்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். உன் அப்பாவுக்குத் தேதி தப்பாகிவிட்டதே என்று தூக்கம் இல்லை. சரியான தேதியைக் கண்டுபிடித்துத் திருத்தம் போடுவேன் என்று இரண்டு கடைக்கும் மாறி மாறிப் போய் விசாரித்தார். அண்ணன் ஜூலை என்றார். தம்பி ஜூன், பள்ளி விடுமுறை என்றான். அண்ணனிடம் போய், தம்பி ஜூன் என்கிறானே என்று இவர் சொல்ல, அவன் மறந்திருப்பான் என்று அவர் சொல்ல, அதை இவர் கொண்டுபோய்த் தம்பியிடம் சொல்ல, ஒரே வாரத்தில் சுவருக்கு இரண்டு பக்கமும் மறுபடி சூடேறிவிட்டது. மதிவாணன் மனைவி லோஷினி எனக்குப் போன் செய்து, “அக்கா, செப்டம்பர்ல எங்க பொண்ணு கல்யாணம். பெரியப்பா வந்து முன்னால நிக்கணும்னு அது ஆசப்படுது. சார கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கக்கா” என்றது.

நான் அப்பாவிடம் சொன்னேன். வரலாற்றை மாற்ற முடியாது என்றார். நான் அன்றைக்குச் சாதத்துக்குக் குழம்பே வைக்கவில்லை. மறுநாள் காலை சட்டைப் பையில் மார்க்கரைச் செருகிக்கொண்டு அவர் கிளம்ப, நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு எழுதினார்: திருத்தம். ஐயாசாமி, மதிவாணன் சகோதரர்களைப் பற்றி எழுதியது தவறு. அப்படி ஒரு சண்டை நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஒரு எழுத்தும் கோணவில்லை. இரண்டு பேரும் வந்து சேர்ந்து நின்று படித்தார்கள். ஐயாசாமி, இப்பதான் இந்த ஆளு சரியா எழுதியிருக்கான் என்று தம்பியின் தோளில் தட்டினார், சட்டையில் ஐந்து விரலும் கருப்பாகப் பதிந்தது. வீட்டுக்கு வந்து மத்தியானம் வரை அப்பாவுக்குப் பொய் எழுதிவிட்டோமே என்ற துக்கம். பிறகு மீன் குழம்பு வைத்தேன், இரண்டு தட்டு சாப்பிட்டார்.

கல்யாணத்துக்கு லீவு கிடைத்தால் வா, லோஷினி உன்னையும் கேட்டது. இன்னொன்று, கோபப்படாமல் படி. நீயும் உன் அக்கா எலைனும் ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தில் இருந்து பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியும். என்ன விஷயம் என்று அவளிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்க மாட்டேன். அவள் சிங்கப்பூரில் இருந்து இந்த மாதக் கடைசி ஞாயிறு நம் வீட்டுக்கு வருகிறாள். நாங்கள் பூசை முடிந்து வந்த பிறகு நீ கூப்பிடு, நான் போனை அவள் கையில் கொடுத்துவிட்டுத் கொடியில் காயும் துணியை எடுக்க வீட்டுக்குப் பின்னால் போய்விடுவேன். அன்றைக்குத் துணியே இல்லாவிட்டாலும் போவேன்.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார். ஞாயிறு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா