மேட்டுக்காட்டுப் பானை

நங்கை,

போன வாரம் கொல்லங்கோட்டுச் சந்தைத் திடலில் கூடாரம் போட்டு ஊமைப்படம் காட்டினார்கள். மகன் வண்டி கட்டி உங்கள் அண்ணனையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். சிரிப்புப் படம் என்றார்கள். ஒரு புதையல் பெட்டிக்காக ஏழெட்டுப் பேர் ஒருவரையொருவர் தள்ளிவிட்டு ஓடுகிறார்கள். ஒருவன் குழிக்குள் விழுந்து கையை நீட்டுகிறான். மேலே நிற்பவன் அந்தக் கையை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்குகிறான். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்ன ஆள் பாதி மலையாளத்தில் என்னவோ சொல்ல, கூடாரமே சிரித்தது. பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உங்கள் அண்ணன் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

பின்னாலேயே போனேன். அவிழ்த்துவிட்ட வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, “அன்னைக்கு உங்கண்ணன் போட்ட சத்தம் எனக்குக் கேட்டுது” என்றார்.

நீங்கள் கண்ணை மூடி இது இரண்டாவது ஆடி. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை என்னிடம் சொல்கிறார். நான் யாரிடம் சொல்வேன்? அதனால்தான் எழுதுகிறேன்.

என் அண்ணனுக்கு நீங்கள், உங்கள் அண்ணனுக்கு நான் என்று ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் நடந்தது. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் இன்னொரு வீட்டிலிருந்து சோறு போகும். மாடு கன்று போட்டால் சீம்பால் இரண்டு வீட்டுக்கும் வரும். மச்சானும் மச்சானும் ஒரே வண்டியில் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய், ஒரே வண்டியில் வருவார்கள். இதையெல்லாம் கெடுக்க ஒரு மண்பானை போதும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

மேட்டுக்காட்டில் உழும்போது அண்ணனின் ஏர்க்கொழு ஒரு பலகைக்கல்லில் மாட்டியது. கல்லைப் புரட்டினால் கீழே ஒரு பொந்து, அதன் ஆழத்தில் பானையின் வாய் தெரிந்தது. மைசூர்ப் படை வந்த காலத்தில் பயந்து ஓடியவர்கள் நகையைப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். அண்ணன் உங்கள் அண்ணனிடம் மட்டும் சொன்னார். ஆனால் பக்கத்துக் காடு பங்காளி நாச்சிமுத்துவுடையது. அவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, கல் தன் எல்லையில் பாதி இருக்கிறது, தனக்கும் பங்கு வேண்டும் என்றார். புதையலுக்குக் காவலிருக்கும் பேயை இறக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று மேற்கேயிருந்து ஒரு மந்திரவாதியையும் அவரே அழைத்து வந்தார். அப்படி நான்கு பேர் ஆனார்கள்.

கிணறு வெட்டுகிறோம் என்று ஊருக்குச் சொன்னார்கள். பண்ணையாட்களை அண்டவிடவில்லை. மண்வெட்டி பிடித்துப் பழகாத நால்வரும் தாங்களே வெட்டினார்கள். ஒருவரைக் குழியருகே தனியாக விட மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. காலையில் கொல்லைக்குப் போவதானாலும் நான்கு பேரும் சேர்ந்துதான் போனார்கள். அதைப் பார்த்து நாம் இரண்டு பேரும் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். அப்புறம் ஒருநாள் நாச்சிமுத்து நாம் கொண்டுபோன சோற்றை முதலில் நாய்க்குப் போட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு நீங்கள் சிரிக்கவில்லை.

ஆடிச் சாரல் பிடித்துக்கொண்டது. கணவாய் வழியாக வரும் காற்றில் பனைகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. அன்று காலையில் நீங்கள் வாசலை மறித்து நின்றீர்கள்.

“மண்ணு நனஞ்சு கெடக்குதுங்க. வெயிலடிக்கட்டும், அப்பறம் எறங்கலாமுங்க.”

“நான் எறங்கலீன்னா நாச்சிமுத்து எறங்குவான். இன்னும் ஒரு மொழந்தான் புள்ள” என்று அண்ணன் உங்களை விலக்கிக்கொண்டு போனார்.

உச்சி வேளைக்கு நாம் சோற்றுக்கூடையோடு போனபோது அண்ணன் இரண்டாள் ஆழத்தில் நின்று பானையின் கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மேலே மூன்று பேரும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். நாம் பனையடிக்கு வந்திருப்போம். குழியின் மேற்குப் பக்கம் ஓசையில்லாமல் இறங்கியது. ஆழத்தில் இருந்த அண்ணனைப் பார்க்க முடியவில்லை. குரல் மட்டும் வந்தது.

“மச்சா, கயித்த உடுங்க. கயித்த உடுங்க மச்சா.”

இடுப்புவரை மண்ணில் புதைந்திருக்கிறார். கயிறு அசைய அசைய மேல்மண் சரிகிறது. இது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் கயிற்றை விடவில்லை. பாதி வழிக்கு வந்த பானையை மூன்று பேரும் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். பானை கரைக்கு வந்தது. மீதிப் பக்கமும் உள்ளே விழுந்தது.

நீங்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வெறுங்கையால் மண்ணை அள்ளினீர்கள். அப்புறம்தான் உங்கள் அண்ணன் மண்வெட்டியோடு குதித்தார். பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் என் அண்ணனைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே நாச்சிமுத்து பானைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கையோடு வந்தது எலும்பு. அப்புறம் கறுத்த மண், துருப்பிடித்த ஒரு இரும்புத் துண்டு, கொஞ்சம் சிவப்பு மணிகள். எந்தக் காலத்திலோ யாரையோ வைத்துப் புதைத்த பானை. மந்திரவாதி எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை. அண்ணனை வெளியே எடுத்தபோது உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

மறுநாள் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவர வேண்டிய முறை உங்கள் அண்ணனுக்கு. புதுச்சேலையைத் தட்டில் வைத்து, அவர் மனைவி என்பதால் என் கையில் கொடுத்தார்கள். ஏழு மாத வயிற்றோடு உங்கள் முன்னால் நின்றேன். மண் காயாத அதே சேலையில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

“அந்தக் கை வாங்குன சேல எனக்கு வேண்டாமுங்க” என்றீர்கள், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு என்னைப் பார்த்து, “தட்டக் கீழ வெச்சுட்டு நீ இங்க வா அம்மிணி.”

வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்கள் அண்ணன் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். நீங்கள் இருந்தவரை அவர் அந்த வாசலைத் தாண்டவில்லை.

அதிகாரியும் போலீசும் வந்து விசாரித்தார்கள். எல்லோரும் உங்கள் வாயையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும், என் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போயிருப்பார்கள். உங்கள் பார்வை என் வயிற்றின் மேல் வந்து நின்றது.

“மண்ணு சரிஞ்சுதுங்க” என்றீர்கள்.

அன்று சாயங்காலம் மாட்டுக்கொட்டிலில் நீங்கள் பால் கறந்துகொண்டிருந்தபோது கேட்டேன், “நங்கை, அண்ணன் கத்துனது மேல நின்னவிங்களுக்குக் கேட்டிருக்குமுங்களா?” கறப்பதை நிறுத்தாமல், கை சற்றும் தடுமாறாமல் சொன்னீர்கள்: “ஆடிக் காத்து, அம்மிணி. அவனுக்குக் கேட்டிருக்காது.”

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் இத்தனை வருஷமும் அவரோடு குடும்பம் நடத்தினேன். பிள்ளையைப் பெற்றேன், அவருக்குச் சோறு போட்டேன், காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்தேன். நீங்கள் தனியாகக் காட்டைப் பார்த்தீர்கள். எலும்பை எல்லாம் பொறுக்கி அதே பானையில் போட்டு, “இதும் ஆரோ ஒருத்தரூட்டு ஆளுதான?” என்று அதே குழியில் வைத்துக் கூடை கூடையாக மண் போட்டு மூடினீர்கள். கூடப்பிறந்தவரோடு சாகும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேட்டிருக்காது என்று நீங்களே சொன்னபிறகு ஏன் பேசவில்லை என்று நான் யோசித்திருக்கலாம். பனையடியில் இருந்த நமக்கே கேட்ட சத்தம் அது.

இரண்டு நாள் முன்பு சாப்பிட உட்கார்ந்தவர், “தங்கச்சிக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“அன்னைக்கே தெரியுமுங்க” என்றேன்.

சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். சாப்பிடவில்லை. வட்டிலை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தேன். இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவரைத் தேற்றவும் எனக்கு முடியவில்லை, ஏசவும் முடியவில்லை.

இன்று காலையில் மகன் வந்து நின்றான். கூடாரத்தில் யாரோ பழைய கதையைப் பேசியிருக்கிறார்கள்.

“ஏனுங்கம்மா, மாமன் கயித்த உடச் சொல்லியும் அப்பன் உடலீங்களாமா?”

அவனுக்கு வரும் தை மாதம் கல்யாணம். அப்பனைப் பார்த்துத்தான் எல்லாம் செய்கிறவன். நான் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த கம்பைப் பார்த்தபடி சொன்னேன், “ஆடிக் காத்து, சாமி. மேல நின்னவிங்களுக்குக் கேக்கல.”

நம்பினான். தலையை ஆட்டிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனான். அவன் போனபிறகு பார்த்தால் முறத்தைச் சுற்றி முற்றமெல்லாம் கம்பு சிந்திக் கிடந்தது.