கேரம் போர்டின் நாலாவது பக்கம்

என் தங்கமான அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை அத்தானும் மீனாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நல்ல செய்தி என்று நினைத்துவிடாதே.

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் நீங்கள் மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி சாயங்காலம் இராஜபாளையம் வந்துவிடுவீர்கள். காபி குடித்த கையோடு கேரம் போர்டை இறக்குவோம். எதிரெதிரே உட்கார்ந்து நீயும் நானும் ஒரு ஜோடி. அத்தானும் என் வீட்டுக்காரரும் இன்னொரு ஜோடி. உன் மகள் மீனா மூலையில் உட்கார்ந்து, "யாராச்சும் ஒரு ஆள் எந்திரிங்களேன், நானும் ஆடுறேன்" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பாள். "அடுத்த போர்டுக்கு நான் எந்திரிக்கேன்டி" என்று நீதான் ஒவ்வொரு தடவையும் சொல்வாய். ஒரு நாளும் எந்திரித்ததில்லை.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு விளையாட்டா பெரிசு? கட்டிக்கொடுத்த பெண் போய்ச் சேர்ந்துவிட்டால் அவள் புருஷனுக்கும் பிள்ளைக்கும் அவளைப் பெற்ற வீடும் கூடப்பிறந்த வீடும் மெல்ல மெல்ல அந்நியமாகிப் போகும். நாம் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம். அத்தானுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தது. தப்பென்று நான் சொல்லவில்லை, அவருக்கும் ஒரு துணை வேண்டாமா? நாளைக்கு வரப்போகிறவளையும் மீனா சித்தி என்றுதான் கூப்பிடுவாள். அப்புறம் நான் அவளுக்கு யார்? அப்பாவும் போய் அம்மாவும் போய், உன்னையும் தூக்கிக் கொடுத்த பிறகு எனக்கு மிச்சம் அவள் ஒருத்திதான். அவளும் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்றுதான் விடாமல் போன் போட்டு வரச்சொன்னேன்.

வருகிறோம் என்று அத்தான் சொன்ன பிறகுதான் யோசித்தேன். என்ன விளையாடுவது? கேரம் ஆடுவதா? இப்போது நாங்கள் சரியாக நாலு பேர். கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது அக்கா. உன் மகள் இத்தனை வருஷம் கேட்ட இடம் காலியாகிவிட்டது. அந்த இடத்தில் அவளை உட்கார வைத்து எதிரே நான் எப்படி ஸ்ட்ரைக்கரைப் பிடிப்பேன்? போர்டைத் தூக்கி பீரோவுக்குப் பின்னால் சொருகினேன்.

சீட்டு எடுக்கலாமா என்று பார்த்தேன். உன்னைக் கிடத்தியிருந்தபோது பந்தலில் ஆம்பளைகள் சீட்டாடிக்கொண்டு இருந்ததுதான் கண்ணுக்குள் வந்து நின்றது. பரமபதத்தை விரித்துப் பார்த்தேன். எல்லா ஏணியும் ஏறிக் கடைசியில் போய்ச் சேருகிற இடத்தில் வைகுண்டம் வரைந்திருக்கிறது. அதை அப்படியே சுருட்டி வைத்தேன். தாயம் போட்டால் அத்தானுக்கு ஆகாது, சகுனம் பார்ப்பார். கடைசியில் பஜாரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் போய்க் கலர் கலராக அட்டை வைத்து ஆடுகிற ஏதோ ஒன்றை வாங்கி வந்தேன். நீ தொடாத விளையாட்டு. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தீனிக்கும் இதே பாடுதான். எண்ணெய்க் கை போர்டில் படக்கூடாது என்பது நீ போட்ட சட்டம். அதனால் நம் வீட்டில் கேரம் என்றால் அவித்த நிலக்கடலை, இல்லாவிட்டால் பொரிகடலை. நீ கொண்டுவருகிற பால்கோவாவை ஆட்டம் முடிகிறவரை பிரிக்கவே விடமாட்டாய். கடலை அவித்தால் அந்த வாசம் ஒன்று போதாதா உன்னைக் கூட்டிக்கொண்டு வர? முறுக்கு சுடலாம் என்றால், இன்னும் வருஷம் திரும்பவில்லை, அவர்கள் படியேறும்போது எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தால் என்னமோ கொண்டாடுகிற மாதிரி இருக்குமே என்று பயமாக இருந்தது. கடையில் காரச்சேவு வாங்கித் தட்டில் கொட்டினேன். போர்டுதான் கிடையாதே, எண்ணெய்க் கையாக இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரி நான்.

அத்தான் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். உன்னை மதுரை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாங்கி வந்தார்களே, அதே மாதிரி. "வாங்க சகலை" என்று இவர் எழுந்து நின்றார். அத்தான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

மீனா உன் உயரம் வந்துவிட்டாள். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேவு வச்சிருக்கிய. அப்ப கேரம் கிடையாதா சித்தி?"

"பவுடர் தீந்துபோச்சுட்டி. இந்தா, புது விளையாட்டு வாங்கியிருக்கேன் பாரு."

அவள் அட்டையைத் தொடவில்லை. "அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒண்ணுகூட வேண்டாமா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. எழுந்து போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஓரம் வெளியே தெரிந்திருக்கும்போல, நேரே பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு போர்டை இழுத்தாள். துடைத்தாள், நடுவில் போட்டாள், காய்களை அடுக்கினாள். பவுடர் டப்பா ஜன்னலிலேயே இருந்தது. நாங்கள் மூன்று பெரியவர்களும் அவரவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் போய்த் தன் மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

அத்தான்தான் கூப்பிட்டார். "அங்க ஏன் தாயி இருக்க? இந்தப் பக்கம் வா. நீ கேட்ட இடந்தான?"

"அம்மா எந்திரிச்சாத்தான்பா நான் உக்காரணும்."

உனக்குக் கேட்டதா அக்கா? எனக்குக் கேட்டது. இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அதற்கு மேலும் ஆடினோம், வெட்கம் கெட்டவர்கள். நான் அடித்தேன். அடுத்து இவர் அடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் ஸ்ட்ரைக்கரை உன் பக்கம் தள்ளிவிட்டார். அது அங்கேயே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அத்தான் எழுந்து பின்பக்கம் குழாயடிக்குப் போனார். துண்டை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

"செல்வி, தப்பா நினைக்காத. எனக்கு ஏலலை. இவள இங்க கூட்டிட்டு வந்தா எங்க ரெண்டு பேருக்குமே ஆகாது."

"வேற எங்க போனா ஆகும் அத்தான்?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேலா, உன் மேலா, சேவு வாங்கிய என் மேலா, தெரியவில்லை. நல்ல மனுஷன்தான். அதனால்தான் சண்டை போடக்கூட வழியில்லாமல் நின்றேன்.

உடனே கிளம்பிவிட்டார்கள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாதா? யார் வீட்டுக்குப் போனாலும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்புவோம். சாவு விழுந்த துட்டி வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் இறங்கிப் போவோம். அத்தான் செருப்பை மாட்டினார், என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கினார். மீனா வாசலில் நின்று வாயைத் திறந்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு அவர் பின்னாலேயே போய்விட்டாள்.

என் வீடு அவர்களுக்குத் துட்டி வீடாகிவிட்டது அக்கா. இனி வரமாட்டார்கள். எனக்கு நன்றாகத் தெரிகிறது.

ஆனால் நான் விடமாட்டேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு நானே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். அதற்கடுத்த மாதமும் போவேன். புதிதாக வந்தவள் கதவைத் திறந்து யாரென்று கேட்டாலும், மீனா அம்மாவின் தங்கச்சி என்று சொல்லி உள்ளே போவேன். திரும்பும்போது உன் வாசலில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி "போயிட்டு வாரேன்டி மீனா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். உள்ளேயிருந்து பதில் வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இருந்தாலும் சொல்வேன். இது உனக்குச் சத்தியம்.

மீனாவுக்கு இன்றைக்கு வரைக்கும் ஒரே சித்தியான,
உன் கூடப்பிறந்தவள்
செல்வி